ராட்சதன் மலையில் எட்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1977 ஜூலையில், காரகோரம் மலைத்தொடரில், இரண்டு காலும் முறிந்த ஒருவர் ஏழாயிரம் மீட்டருக்கு மேலிருந்து உயிரோடு இறங்கி வந்தார். கூட இருந்தவர்கள் மூன்று நண்பர்கள். பாறையேற்றம் பழக வருகிறவர்களிடம் இந்தக் கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது எந்த மலை? எங்கே இருக்கிறது?

பைந்தா பிராக். உயரம் 7,285 மீட்டர். பாகிஸ்தானின் வடக்கே, பியாஃபோ பனியாற்றுக்கு மேலே நிற்கிறது. அஸ்கோலே என்ற, பால்டி மக்கள் வாழும் கிராமத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் மனிதர் குடியிருக்கும் ஊர் எதுவும் கிடையாது. கல்லும் பனியும்தான். வெள்ளைக்கார மலையேறிகள் இதற்கு வைத்த பெயர் 'ஓகர்', அதாவது ராட்சதன்.

எவரெஸ்டைவிட ஆயிரத்தைந்நூறு மீட்டர் குட்டை என்பதால் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. எவரெஸ்டின் வழக்கமான பாதையில் பெரும்பகுதி பனிச்சரிவில் நடப்பது. இங்கே கடைசிக் கோபுரம் செங்குத்துப் பாறை. கீழே ஒரு பாறையில் கை விரலை விரிசலுக்குள் விட்டு ஏறுவதே பெரிய பாடு. அதே வேலையைக் காற்று பாதிக்கும் குறைவாக இருக்கிற உயரத்தில், கனத்த பூட்ஸோடு, ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் செய்ய வேண்டும்.

யார் யார் போனார்கள்?

ஆறு பேர், எல்லோரும் பிரிட்டிஷ்காரர்கள். டக் ஸ்காட், கிறிஸ் போனிங்டன், மோ ஆந்தாய்ன், கிளைவ் ரோலண்ட், நிக் எஸ்ட்கோர்ட், டட் பிரெய்த்வெயிட்.

ஸ்காட்டும் போனிங்டனும் அப்போதே பெரிய பெயர்கள். 1975-ல் எவரெஸ்டின் தென்மேற்கு முகத்தின் வழியாக முதல்முறை சிகரம் தொட்ட அணிக்குப் போனிங்டன் தலைவர். அந்த அணியில் முதலில் சிகரத்தில் நின்ற இருவரில் ஒருவர் ஸ்காட். கூட நின்ற டூகல் ஹாஸ்டன் 1977 ஜனவரியில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் சிக்கி இறந்துபோனார். மோவும் கிளைவும் மலையேறிகள் வட்டத்துக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாதவர்கள். மோ, மலையேறிகளுக்கு ஹெல்மெட் செய்யும் தொழில் நடத்தியவர். இந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையைக் கேட்டவர்கள் முதலில் மறப்பது இவர்களைத்தான்.

எவரெஸ்ட் அணியைப் போல இதற்கு உத்தரவு போடும் தலைவர் என்று ஒருவர் இல்லை. இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஸ்காட்டும் பிரெய்த்வெயிட்டும் தெற்குத் தூண் என்ற செங்குத்துப் பாறை வழியாக ஏற முயல்வதாக இருந்தது. மேலிருந்து விழுந்த கல் பிரெய்த்வெயிட்டின் காலைத் தாக்கியதில் அது தொடக்கத்திலேயே நின்றுபோனது. போனிங்டனும் எஸ்ட்கோர்ட்டும் வேகமாக மேலேறி, அதே மலையின் இன்னொரு உச்சியான மேற்குச் சிகரம்வரை போய்த் திரும்பினார்கள். எஸ்ட்கோர்ட் அதோடு களைத்து ஒதுங்கிவிட்டார். கடைசி முயற்சிக்கு மிஞ்சியவர்கள் நான்கு பேர்.

விபத்து ஏறும்போதா, இறங்கும்போதா?

இறங்கும்போது. அதுவும் சிகரத்தைத் தொட்ட சற்று நேரத்தில், முதல் கயிற்று இறக்கத்திலேயே.

ஜூலை 13 மாலை ஸ்காட்டும் போனிங்டனும் உச்சியில் நின்றார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏறும்போது ஓரிடத்தில் நேராகப் போக வழி இல்லாமல், கயிற்றில் தொங்கி ஊஞ்சல்போல் பக்கவாட்டில் ஆடி, தள்ளியிருந்த ஒரு விரிசலைப் பிடித்திருந்தார்கள். மேலே போக அது உதவியது. இறங்கும்போது அதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கயிறு நேர் கீழே தொங்கும். போக வேண்டிய இடமோ பக்கத்தில். ஆகவே ஸ்காட் பாறையில் காலை ஊன்றி, குறுக்காக நகர்ந்தபடி இறங்கினார்.

அந்த நேரத்தில் பாறைமேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனிப்படலம் உறையத் தொடங்கியிருந்தது. கால் வழுக்கியது. அவ்வளவுதான். கயிறு அறவில்லை, பாறையில் அடித்த ஆணி பிடுங்கிக்கொள்ளவில்லை, கருவி எதுவும் கெடவில்லை. பக்கத்தில் இழுத்துவைத்த ஊஞ்சலை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஆள் பறந்துபோய் எதிர்ப்புறப் பாறைச் சுவரில் மோதினார். தற்காப்புக்காகக் காலை நீட்டியிருந்தார். இரண்டு காலும் கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்தன.

கயிற்றில்தானே தொங்கினார்? கயிறு பிடித்திருக்கும்போது கால் எப்படி முறியும்?

நேர் கீழே விழுந்தால் கயிறு நீண்டுகொடுத்து வேகத்தை மெல்லக் குறைக்கும். மலையேற்றக் கயிறு அதற்காகவே நெய்யப்படுவது. ஊஞ்சல் ஆட்டத்தில் அந்தக் கருணை கிடையாது. கயிறு உங்களைத் தாங்குகிறது, நிறுத்துவதில்லை. நிறுத்தும் வேலையைச் சுவர் செய்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் உச்சிக்கும் அடிக்கும் செங்குத்தாகப் பத்து மீட்டர் வித்தியாசம் என்றால், அடியை எட்டும்போது வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். மூன்று மாடி உயரத்திலிருந்து குதித்தவனுக்கும் அதே வேகம்தான். பழகும் சுவர்களில் பிள்ளைகள் வேடிக்கையாகப் பக்கவாட்டில் ஓடி ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அன்று இரவு எங்கே தங்கினார்கள்?

வெட்டவெளியில். ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, சாப்பாடு எல்லாம் கீழே, தங்குவதற்காகப் பனியைத் தோண்டிய பனிக்குகையில் இருந்தன. ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் எடை குறைத்துப் போயிருந்தார்கள். போனிங்டன் கயிற்றில் இறங்கி வந்து ஸ்காட்டோடு சேர்ந்துகொண்டார். பனியில் ஒரு திண்ணை வெட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். விடியும்வரை ஒருவர் பாதத்தை மற்றவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஸ்காட்டுக்கு இது புதிதல்ல. எவரெஸ்டில் 1975-ல் ஹாஸ்டனோடு தெற்கு உச்சிக்குப் பக்கத்தில் இதேபோல ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் ஒரு இரவைக் கழித்தவர். குளிரைவிடத் தூக்கம்தான் முதல் எதிரி என்று அனுபவத்தில் தெரிந்தவர். இரவெல்லாம் அசைந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருந்ததால் இரண்டு பேருக்கும் விரல்கள் மிஞ்சின.

ஒருவர் என்னிடம் கேட்டார்: "அந்த நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள்?" போனிங்டன் சொன்னதாக மலையேறிகள் நடுவே இன்றும் சொல்லிக்கொள்வது இதுதான்: கவலைப்படாதே, சாவு உனக்கு ரொம்ப தூரம். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள் சொன்ன ஆறுதல் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் வேறு என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி வந்தார்களா?

இல்லை. எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சினிமாவில் நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் காட்சி நம் மனதில் பதிந்திருக்கிறது.

அந்த உயரத்தில் உங்களையே நீங்கள் சுமப்பது பெரிய காரியம். பத்து அடி வைத்து மூச்சு வாங்க வேண்டும். சமதரையிலேயே ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆறு பேர் வேண்டும், அவர்களுக்கு மாற்று ஆளும் வேண்டும். இங்கே கத்தி முனைபோன்ற மலை விளிம்பு, மார்பளவு புதுப்பனி, மிஞ்சியவர் மூவர். ஸ்காட் வேறு ஆஜானுபாகுவான மனிதர். தூக்க முயன்றிருந்தால் நான்கு பேரும் அங்கேயே இருந்திருப்பார்கள்.

ஸ்காட் தவழ்ந்து வந்தார். முழங்காலிலும் கையிலும். முறிவு முழங்காலுக்குக் கீழே இருந்ததால், மண்டியிட்டால் உடைந்த பகுதியில் எடை விழாது. எழுந்து நிற்கப் பார்த்தபோது எலும்பு நறநறத்ததாம். அப்போதே மண்டியிட்டுவிட்டார். அதன்பின் அடிமுகாம்வரை அதே கோலம்தான்.

நண்பர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், அவர் தவழ்வதற்கு ஒரு பாதை செய்து கொடுத்தார்கள். கிளைவும் மோவும் பெரும்பாலும் முன்னால் போய், புயலில் பனியை உடைத்து, முழங்கால் பதியும் அளவுக்கு அகலமாகப் படி வெட்டினார்கள். கயிறு கட்டினார்கள். ஏற வேண்டிய இடத்தில் இழுத்தார்கள், இறங்க வேண்டிய இடத்தில் முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். பாறை ஆணி அடிப்பது, பனிக்குகை தோண்டுவது, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சுவது எல்லாம் அவர்கள் தலையில். காயம்பட்டவர் தன் உடம்பைத் தானே நகர்த்தினார். மற்ற எல்லாப் பாரத்தையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து மீட்பு என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடையாது. தோளில் தூக்குகிற படத்தை இனிமேலாவது மறந்துவிடுங்கள்.

கீழே வருவதற்காக மேலே ஏறினார்கள் என்று சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம். இதைக் கேட்டதும் பலர் சிரிப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

பனிக்குகை இருந்தது முதன்மைச் சிகரத்துக்கும் மேற்குச் சிகரத்துக்கும் நடுவே உள்ள தாழ்வில். வந்த வழி மேற்குச் சிகரத்தைத் தாண்டித்தான். ஆக வீட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் மேற்குச் சிகரத்தின் முதுகில் ஏறியாக வேண்டும். விபத்துக்கு மறுநாள் குகைக்கு வந்து சேர்ந்த உடனே புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நான்கு பேரும் அந்தக் குழிக்குள் முடங்கிக் கிடந்தார்கள். இருந்த கொஞ்சம் சாப்பாடும் தீர்ந்துபோனது. இனியும் காத்திருந்தால் நகரவே தெம்பிருக்காது என்ற கட்டத்தில், புயல் ஓயாதபோதே கிளம்பினார்கள்.

கிளைவ் முன்னால் ஏறிக் கயிற்றைக் கட்டினார். ஸ்காட் அந்தக் கயிற்றில், மேலே நகரும் ஆனால் கீழே வழுக்காத பிடிப்பான்களை மாட்டி, கை பலத்தில் தன்னை மேலே இழுத்துக்கொண்டார். இரண்டு காலும் முறிந்த மனிதர் பனிப்புயலில் ஒரு சிகரத்தில் ஏறுகிறார். மலைக்கதைகளில் மிகைப்படுத்தல் ஏராளம் உண்டு, நானே கொஞ்சம் செய்வேன். இந்த இடத்துக்கு அது தேவைப்படவில்லை.

போனிங்டனுக்கும் அடிபட்டது என்கிறார்களே?

மேற்குச் சிகரத்தைத் தாண்டி இறங்கும்போது. இரட்டைக் கயிற்றில், அதாவது நடுவில் மாட்டி இரண்டு பக்கமும் தொங்கவிட்ட கயிற்றில், இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கயிறு மற்றதைவிடக் குட்டையாக இருந்திருக்கிறது. குட்டைப் பக்கத்தின் நுனி, கயிற்றைப் பிடித்து இறக்கும் கருவியை விட்டு நழுவியதும் ஆள் விழுந்துவிட்டார். இரண்டு விலா எலும்பு முறிந்தது. அதோடு நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகிவிட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் முறிந்த விலா எப்படிக் குத்தியிருக்கும் என்று நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதாவது சிகரம் தொட்ட இருவரும் இப்போது நோயாளிகள். தொடாத இருவர்தான் நால்வரையும் கீழே கொண்டுவர வேண்டும்.

நுனியில் முடிச்சுப் போட்டிருந்தால் விழுந்திருக்க மாட்டாரே?

மாட்டார். கயிற்றின் இரண்டு நுனியிலும் தனித்தனியாகக் கட்டை முடிச்சு போட்டுவிட்டால் கருவி அங்கே முட்டி நின்றுவிடும். இன்று முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் முடிச்சுக்கு ஒரு தொல்லை உண்டு. காற்று அடிக்கும் இடத்தில் கயிற்றை வீசினால் முடிச்சு பாறை இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும், கீழே இறங்கிய பிறகு அவிழ்க்க மறந்தால் கயிற்றை இழுக்க முடியாது. புயலில், பசியில், விரல் மரத்த நிலையில் இருப்பவர் எதைத் தேர்ந்திருப்பார் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்னோடு வருகிறவர்கள் முடிச்சுப் போடாமல் இறங்கினால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? ஸ்காட்டின் விபத்தும் போனிங்டனின் விபத்தும் கயிற்றில் இறங்கும்போதே நடந்தன. ஏறும்போது கையும் காலும் பாறையில் இருக்கும், கயிறு துணைக்குத்தான். இறங்கும்போது உயிர் முழுக்கக் கயிற்றில். களைப்பும் இருட்டும் சேருவதும் அந்த நேரத்தில்தான்.

எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தார்கள்?

குகையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணக்கில் சேர்க்கும்படியான சாப்பாடு ஏதும் இல்லை. சிகரத்திலிருந்து அடிமுகாம்வரை மொத்தம் சுமார் எட்டு நாள்.

ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருக்கலாமே?

எதை வைத்துக் கூப்பிடுவது? 1977-ல் சட்டைப்பையில் போகும் சாட்டிலைட் போன் கிடையாது. யாராவது அஸ்கோலேவரை நடந்து, அங்கிருந்து ஸ்கர்து நகரத்துக்குச் செய்தி அனுப்பினால்தான் உண்டு.

வந்திருந்தாலும் அந்த உயரத்துக்கு எட்டியிருக்காது. காற்று மெலிந்தால் சுழலும் விசிறிக்குத் தள்ள ஒன்றும் இருக்காது. பிற்காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது. 2005-ல் நங்கா பர்பத்தின் ரூபல் முகத்தில் சிக்கிய ஸ்லோவேனியர் தோமாஸ் ஹுமாரைப் பாகிஸ்தான் ராணுவ ஹெலிகாப்டர் ஏறக்குறைய 6,000 மீட்டரில் கயிறு தொங்கவிட்டு எடுத்தது. 2018-ல் ரஷ்யர் அலெக்சாந்தர் குக்கோவை 6,200 மீட்டரிலிருந்து அதே மாதிரி எடுத்தார்கள். அந்த இடம் லடோக் ஒன்று சிகரம், நம் ராட்சதனுக்கு அடுத்த வீடு. கூட ஏறிய நண்பர் விழுந்து இறந்த பிறகு, குக்கோ கயிறும் கருவியும் இல்லாமல் ஆறு நாள் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்காட் கால் முறித்துக்கொண்ட இடம் இந்த இரண்டையும்விட ஆயிரம் மீட்டர் உயரத்தில்.

அடிமுகாமில் இருந்தவர்கள் ஏன் தேடி வரவில்லை? நிக் எஸ்ட்கோர்ட் விட்டுவிட்டுப் போய்விட்டாராமே?

இந்தக் கேள்வியில் எப்போதும் கொஞ்சம் கோபம் இருக்கும். பதிலைக் கேட்டால் தணிந்துவிடும்.

மோ முதலில் அடிமுகாமை அடைந்தார். ஆள் இல்லை. எஸ்ட்கோர்ட் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். நாள்கணக்கில் புயல், மேலே அசைவில்லை, திரும்ப வேண்டிய தேதி தாண்டிவிட்டது. நால்வரும் இறந்திருப்பார்கள் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். தனியாளாக மேலே போய்த் தேடுவது இன்னொரு சாவில்தான் முடிந்திருக்கும். கீழே போய் ஆள் திரட்டுவது ஒன்றே அவரால் முடிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாலேயே கிளம்பியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எஸ்ட்கோர்ட் அடுத்த வருடமே, உலகின் இரண்டாவது உயரமான கே2-வில் பனிச்சரிவில் இறந்தார். அந்த அணியிலும் போனிங்டனும் ஸ்காட்டும் இருந்தார்கள்.

மோ முகாமில் ஓய்ந்து உட்காரவில்லை. உதவி தேடி மேலே நடந்தார், இல்லை, கீழே நடந்தார். இந்தக் கதையில் மேலும் கீழும் எனக்கே குழம்பிவிடும். ஸ்காட் பனியாற்றின் கற்குவியல்களில் பல கிலோமீட்டர் தவழ்ந்து அடிமுகாம் வந்து சேர்ந்தார். பனியில் தவழ்வது வேறு, கூர்ங்கல்லில் தவழ்வது வேறு. போட்டிருந்த அடுக்கடுக்கான துணி முழங்காலில் தேய்ந்து, தோலும் தேய்ந்துபோயிருந்தது.

அங்கிருந்து அவரைத் தூக்கி வந்தவர்கள் யார்?

அஸ்கோலே பக்கத்துப் பால்டி சுமைதூக்கிகள். கதையில் முதல்முறையாக யாரோ ஒருவர் ஸ்காட்டைத் தூக்குவது இங்கேதான். கம்பும் கயிறும் வைத்துக் கட்டிய தூக்குப் படுக்கையில், பாதையே இல்லாத பனியாற்றுக் கற்களுக்கு மேலே, நாள்கணக்கில் சுமந்தார்கள். எந்தப் பக்கம் போவது, எப்போது தோள் மாற்றுவது என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடிவெடுத்துக்கொண்டு, குலுங்காமல் கொண்டு வந்தார்கள். ஸ்காட் பின்னாளில் அந்த மனிதர்களைப் பற்றி மிகுந்த மரியாதையோடு பேசினார். பேச்சோடு நிற்காமல், அஸ்கோலேவுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரும் வேலையிலும் இறங்கினார். அவர் நேபாள மலைக்கிராமங்களுக்காகத் தொடங்கிய 'கம்யூனிட்டி ஆக்‌ஷன் நேபாள்' அமைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சுமந்தவர்களின் பெயர்களைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சிகரம் தொட்ட தேதி எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் ஹெலிகாப்டரும் விழுந்ததாமே?

ஆமாம், சிரிக்காதீர்கள். ஸ்காட்டை ஏற்றிக்கொண்டு போன ஹெலிகாப்டர் ஸ்கர்துவில் இறங்கும்போது தரையில் மோதி நின்றது. உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் வண்டி கெட்டுப்போனதால், அஸ்கோலேயில் முறிந்த விலாவோடு காத்திருந்த போனிங்டனைக் கூட்டிவர உடனே எதுவும் வரவில்லை. அவர் நாள்கணக்கில் அங்கேயே கிடந்தார்.

நண்பன் தொங்கிய கயிற்றை அறுத்தது இவர்களில் யார்?

யாரும் இல்லை. நீங்கள் கேட்பது வேறு கதை. 1985-ல், பெரு நாட்டின் சியுலா கிராந்தே மலையில், ஜோ சிம்ப்சனுக்குக் கால் முறிந்தது. சைமன் யேட்ஸ் அவரைக் கயிற்றில் கட்டித் தவணை தவணையாக இறக்கினார். இருட்டில் சிம்ப்சன் ஒரு பனிச்சுவரின் விளிம்புக்கு அப்பால் அந்தரத்தில் தொங்கிப்போனார். மேலே பனியில் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருந்த யேட்ஸும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடத் தொடங்கினார். கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் பனிப்பிளவுக்குள் விழுந்து, அங்கிருந்து வெளியேறி, மூன்று நாள் தவழ்ந்து முகாமுக்கு வந்தார்.

யேட்ஸைத் திட்டியவர்கள் உண்டு. சிம்ப்சன் திட்டவில்லை. நீ செய்தது சரி என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவருகிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆள் கணக்கு. சியுலா கிராந்தேயில் இரண்டே பேர். ஒருவர் விழுந்தால் தாங்கவும் யோசிக்கவும் ஆணி அடிக்கவும் மிஞ்சுவது ஒருவர். ராட்சதனில் அடிபடாத இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் படி வெட்டும்போது இன்னொருவர் கயிறு பிடிக்கலாம். யேட்ஸின் பக்கத்தில் ஒரு மோ இருந்திருந்தால் அந்தக் கத்திக்கு வேலை இருந்திருக்காது.

ஸ்காட் மறுபடி மலை ஏறினாரா?

மறு வருடமே கே2-வுக்குப் போனார் என்றேனே. 1979-ல் உலகின் மூன்றாவது உயரமான காஞ்சன்ஜங்காவை, பீட்டர் போர்டுமன், ஜோ டாஸ்கர் ஆகியோரோடு ஆக்ஸிஜன் இல்லாமல் ஏறினார். போனிங்டன் 1985-ல், ஐம்பது வயதில், எவரெஸ்ட் சிகரத்தில் நின்றார்.

ஸ்காட் 2020 டிசம்பரில் மூளைப் புற்றுநோயால் காலமானார். அந்த வருடம் பொதுமுடக்க காலத்தில், நோய் முற்றிய நிலையிலும், 1975 எவரெஸ்ட் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு தன் வீட்டு மாடிப்படியில் ஏறினார். நேபாளக் கிராமங்களுக்கு நிதி திரட்டத்தான்.

ராட்சதனை அதற்குப் பிறகு யாராவது ஏறினார்களா?

எத்தனையோ அணிகள் போய்த் திரும்பின. இரண்டாவது முறை சிகரம் தொட 24 வருடம் ஆயிற்று. 2001 ஜூலையில் ஜெர்மானியர் தோமஸ் ஹூபரும் சுவிஸ்காரர்கள் உர்ஸ் ஸ்டோக்கர், இவான் வோல்ஃப் இருவரும் தொட்டார்கள். 2012-ல் அமெரிக்கர்கள் கைல் டெம்ப்ஸ்டர், ஹேடன் கென்னடி.

மோவும் கிளைவும்? அவர்கள் அந்தச் சிகரத்தைப் பிறகு தொட்டார்களா?

இதைக் கேட்டவர் இதுவரை ஒரே ஒரு பெண். பதினாறு வயது இருக்கும். பழகி முடித்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

இல்லை. ஜூலை 14-க்குப் பிறகு இருவருக்கும் உச்சிக்குப் போக வானிலை இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டார்கள், ஸ்காட் குகைக்குள் கிடந்தார். மோ 1989-ல், ஐம்பது வயதில், மூளைக் கட்டியால் இறந்தார். 1977-க்கான சிகரப் பதிவில் இரண்டு பெயர்தான் இருக்கின்றன.